ஆரணியா, யாழினியா?

"ஒலிபெருக்கி" என்ற தமிழ்ச் சொல்லின் மேல் எனக்கு நெடுநாளாக ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. சொல் என்னவோ அழகான சொல்தான். நாக்கில் உருண்டு வருகிறது. ஆனால் செய்யாத வேலைக்குப் பட்டம் கொடுத்து விட்டார்களே என்பதுதான் என் குறை. மரப் பெட்டிக்குள் காகிதக் கூம்பையும் காந்தத்தையும் வைத்துக் கொண்டு, பின்னால் சிவப்பும் கறுப்புமாக இரண்டு கம்பிகளை நீட்டிக் கொண்டு உட்கார்ந்திருக்கிறதே, அந்தப் பெட்டி எந்த ஒலியையும் பெருக்குவதில்லை. கொடுத்ததைச் சொல்லும், கொடுக்காவிட்டால் அரச மரத்தடிப் பிள்ளையார் மாதிரி பேசாமல் இருக்கும். நாதஸ்வரம் எவ்வளவு நீளமாக இருந்தால் என்ன? ஊதுகிறவர் தம் கட்டி ஊதினால்தானே நாதம் வரும்? பெட்டி என்பது வாய். தம் வேறோர் இடத்திலிருந்து வர வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்கிறேன் என்றால், நேயர்களே, உங்களில் பல பேர் வீட்டுப் பரணில் இந்த மாதிரி இரண்டு பெட்டிகள் இருக்கும் என்பது என் ஊகம். ஒரு காலத்தில் டேப் ரிகார்டர் செட்டோடு வந்தவை. செட் என்றைக்கோ உயிரை விட்டிருக்கும். அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டு விட்டு, பெட்டிகள் மட்டும் பார்க்க லட்சணமாக இருக்கின்றனவே என்று மேலே தூக்கி வைத்திருப்பீர்கள். அப்புறம் வீட்டுக்கு மடிக்கணினி வந்திருக்கும். மடி என்றால் சோம்பல் என்று பொருள் கொண்டு "மடியின்மை" என்று ஓர் அதிகாரமே பாடி வைத்தார் வள்ளுவர். அது குறளில் 61-ஆவது அதிகாரம். அந்த மடிக்கும் இந்தக் கணினிக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்வார்கள். ஆனால் சத்தம் போடுகிற விஷயத்தில் மட்டும் மடிக்கணினி சுத்த சோம்பேறிதான். அந்தச் சோம்பேறிக்கும் பரண் மேல் உட்கார்ந்திருக்கும் அந்த ஊமைகளுக்கும் முடிச்சுப் போட்டு வைத்த கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

எங்கள் ஊர் கடத்தூர். தருமபுரி ஜில்லாவில் பாப்பிரெட்டிப்பட்டித் தாலுகாவைச் சேர்ந்தது. ரயில் ஏற வேண்டுமானால் பொம்மிடிக்கோ மொரப்பூருக்கோ போக வேண்டும். வெற்றிலை வாங்க வேண்டுமானால் மற்றவர்கள் எங்கள் ஊருக்கு வர வேண்டும். இந்த ஒரு பெருமை எங்களுக்குப் போதும்.

என் அத்தைக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. சேலம் ஜில்லாவிலிருந்து தருமபுரியைப் பிரித்துத் தனி ஜில்லா ஆக்கினார்களே, அந்த 1965-ஆம் வருஷத்தில் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவர். மாமா கொடிக்கால் வைத்திருந்தவர். அவர் காலமாகி வெகு காலம் ஆகி விட்டது. பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் எல்லாரும் எங்கள் ஜில்லா வழக்கப்படி பெங்களூரு, திருப்பூர் என்று சிதறிப் போனார்கள். மூத்த பேரன் மட்டும் இன்னும் கொஞ்ச தூரம் சிதறிச் சிங்கப்பூரில் போய் விழுந்தான். அவனுக்குச் சென்ற வருஷம் பெண் குழந்தை பிறந்தது. அத்தைக்குக் கொள்ளுப் பேத்தி!

அவர்கள் குடும்பத்தில் பெயர் வைக்கும் போது மூத்தவர்தான் குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். அத்தையால் விமானம் ஏற முடியாது, முழங்கால் சம்மதிக்கவில்லை. பச்சைக் குழந்தையைத் தூக்கிக் கொண்டு அவர்களும் வர முடியாது. ஆகவே அத்தை கடத்தூரிலிருந்தே கூப்பிடுவது, சிங்கப்பூரில் குழந்தையின் காதுக்குப் பக்கத்தில் தாய் கைப்பேசியைப் பிடித்துக் கொள்வது என்று ஏற்பாடு ஆயிற்று. வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். உடனே ஒரு சிக்கல் வந்தது. எந்த ஊர் ராகு காலம்? சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதை விட இரண்டரை மணி முந்தி ஓடுகிறது. அங்கே பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் முடிகிற போது இங்கே ஒன்பதரை. இங்கே பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பமாகி விடும். இரண்டு ராகுவுக்கும் நடுவில் அந்த ஒரு மணி நேரம்தான் சந்து. அந்தச் சந்தில் புகுந்து காரியத்தை முடித்து விட வேண்டும்.

நாலு நாளைக்கு முன்பே ஓர் ஒத்திகை பார்த்தோம். மடிக்கணினி எங்கே கிடைத்தது என்கிறீர்களா? அத்தையின் இன்னொரு பேத்தி அரசுப் பள்ளியில் படித்தபோது கிடைத்தது. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழ்நாட்டில் "விலையில்லா மடிக்கணினி" கொடுக்கும் திட்டம் தொடங்கியதல்லவா? அந்தத் திட்டத்தில் வந்தது. அவள் வேலைக்குப் போன பிறகு அது அத்தை வீட்டு அலமாரியில் வெள்ளித் தட்டுக்குப் பக்கத்தில் கௌரவமாக இருந்து வந்தது.

திரையில் பேரன் முகம் தெரிந்ததும் அத்தைக்கு ஒரே பூரிப்பு. "ஏஞ்சாமி, இளைச்சுப் போயிட்டியே!" என்றார். அவன் என்னவோ சொன்னான். அத்தை என்னைப் பார்த்தார். "குழந்தைக்கு என்ன பேர் வைக்கப் போறீங்கன்னு கேளுங்க அத்தை" என்றேன். கேட்டார். அவன் கையை வாயருகே குவித்துக் கொண்டு கத்தினான்: "யாழினி, பாட்டி!"

அத்தையின் முகம் சுருங்கிப் போயிற்று.

"ஆரணியா? ஏங்கண்ணு, பிள்ளைக்குப் பேரு கேட்டா புடவை பேரைச் சொல்றானே! அங்கே அப்படித்தான் வைக்கிறாங்களா?"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தார். ஆனால் மூன்று தடவை, நான்கு தடவை அவன் கத்திய பிறகும் "ஆரணி"தான் வந்தது. ஐந்தாவது தடவைக்கு அத்தை "சரி, கேட்டுது கேட்டுது" என்று தலையை ஆட்டி விட்டார். அவருக்குக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. எல்லாரும் போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நான் பாட்டுக்கு வேற ஒரு பேரைச் சொல்லித் தொலைச்சேன்னா, அந்தக் குழந்தைக்கு அதுதானே கண்ணு நிக்கும்? என்னை விட்டுடுங்க. அவ ஆத்தாளையே கூப்பிடச் சொல்லுங்க."

"தாளில் எழுதிக் காட்டுகிறேன், அதைப் பார்த்துச் சொல்லி விடுங்கள்" என்றேன். "எனக்கு எங்கே கண்ணு படிக்கத் தெரியும்?" என்றார். "அப்படியானால் நான் காதோரமாகச் சொல்கிறேன்" என்றேன். "நீ சொல்லி நான் சொன்னா அது உன் வாய்ப் பேருதானே? பெத்தவன் வாயாலே கேட்டு நான் கூப்பிடணும்" என்று விட்டார். அதற்கு மேல் என்ன பேசுவது?

சேலத்தில் வாங்கின காதுக் கருவி ஒன்று அத்தையிடம் உண்டு. "காதுக்குள்ளே எந்நேரமும் காத்து வீசுது" என்று அதைக் கழற்றி ரசகற்பூர உருண்டையோடு ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். அதை மாட்டி விடும் சாமர்த்தியம் எங்களில் யாருக்கும் இல்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டி பேசினால் அத்தைக்கு ஓரளவு கேட்கிறது. கணினியில் பேரன் கத்தினால் கேட்கவில்லை. இது ஏன்? விசாரித்துப் பார்த்தால் காரணம் சுவாரஸ்யமாக இருக்கிறது. இளம் வயதில் மனிதக் காதுக்கு வினாடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வு வரை கேட்கும். வயதாக ஆக, மேல் கோடியிலிருந்து தேய ஆரம்பிக்கும். சொற்களைத் துல்லியமாகப் பிரித்துக் காட்டுகிற ச, த, ட போன்ற மெய்யெழுத்துக்களின் கூர்மை பெரும்பாலும் அந்த மேல் பகுதியில்தான் இருக்கிறது. அதனால்தான் "சத்தம் கேட்குது, பேச்சு புரியலை" என்று வயதானவர்கள் சொல்கிறார்கள். இனி மடிக்கணினியை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் வயிற்றில் இருக்கும் ஒலிபெருக்கி காசளவு இருக்கும். அதற்குக் கனத்த நாதத்தைக் கிளப்ப வலு இல்லை. ஆண் குரலின் அடிநாதம் வினாடிக்கு நூறு, நூற்றிருபது அதிர்வு அளவில் இருக்கும். அந்த அடிநாதத்தை மடிக்கணினி விழுங்கி விடுகிறது. ஆக, மேலே இருந்ததை முதுமை எடுத்துக் கொண்டது. கீழே இருந்ததைக் கணினி எடுத்துக் கொண்டது. நடுவில் மிஞ்சியதோ அரைக் குரல். அதையும் கொசு ரீங்காரம் அளவுக்குச் சொன்னால் ஆரணிக்கும் யாழினிக்கும் என்ன வித்தியாசம் தெரியும்?

அத்தைக்கு வேண்டியது வாய் நிறையப் பேசுகிற பெரிய வாய். அப்போதுதான் எனக்குப் பரண் ஞாபகம் வந்தது. மாமா வெற்றிலை விற்ற பணத்தில் ஆசை ஆசையாய் வாங்கின டேப் ரிகார்டர் செட்டின் இரண்டு பெட்டிகள் அங்கே இருந்தன. மார்கழி மாசம் விடிவதற்கு முன்பே பக்திப் பாட்டுப் போட்டுத் தெருவையே எழுப்பியவை. ஏணி போட்டு இறக்கித் தூசி தட்டினோம். முதுகில் "8 ஓம், 10 வாட்" என்று எழுதியிருந்தது. சிவப்பு, கறுப்பு ஒயர்கள் மொட்டையாக நீட்டிக் கொண்டிருந்தன.

வீட்டில் கல்லூரிப் பையன் ஒருவன் இருந்தான். "இதென்ன பிரமாதம்! ஹெட்போன் ஓட்டையிலே நேராச் செருகிட வேண்டியதுதானே?" என்று ஒரு பழைய ஹெட்போன் ஒயரை வெட்டி, பெட்டி ஒயரோடு முறுக்கிப் பார்த்தான். கிணற்றுக்குள்ளே இருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் வந்தது. கணினியில் சத்தத்தை முழுக்க ஏற்றியபோது அந்தச் சின்னச் சத்தமும் கரகரவென்று உடைந்தது.

ஏன் என்று கேளுங்கள். ஹெட்போன் ஓட்டை காதுக்குள் வைக்கிற சின்னக் கருவிக்கென்று ஏற்பட்டது. அதிலிருந்து வருகிற மின்சக்தி ஒரு வாட்டில் நூற்றில் சில பங்குதான். பெட்டிக்கோ ஒரு வாட்டாவது கொடுத்தால்தான் கூடத்தில் இருப்பவர்களுக்குத் தெளிவாகக் கேட்கும். அதோடு, ஹெட்போன் என்றால் பெரும்பாலும் 16 ஓம், 32 ஓம் அல்லது அதற்கு மேலும் தடை கொடுக்கும். பழைய பெட்டிகளோ 4 ஓம், 8 ஓம்தான். தடை குறையக் குறைய அவை அதிக மின்னோட்டத்தை உறிஞ்சப் பார்க்கும். கணினியால் அவ்வளவு கொடுக்க முடியாமல் குரல் உடைகிறது. எங்கள் பக்கத்து விவசாயிகளுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், சொட்டுநீர்க் குழாயை வாய்க்காலில் விட்டு ஏக்கர் கணக்கில் பாய்ச்சப் பார்ப்பது போல!

அப்படியானால் என்ன வேண்டும்? நடுவில் ஒரு ஆம்பிளிஃபயர் வேண்டும். உண்மையில் "ஒலிபெருக்கி" என்ற பட்டம் இதற்குத்தான் போக வேண்டும். இதுவும் ஒரு விதத்தில் பெருக்குவதில்லை என்பதுதான் வேடிக்கை. ஏரி மதகைப் பாருங்கள். ஒற்றை ஆள் திருகுகோலைத் திருப்புகிறான். காடு கழனி எல்லாம் நிரம்புகிறது. அவ்வளவு தண்ணீரையும் அவனா கொடுத்தான்? தண்ணீர் ஏரியில் இருந்தது. அவன் திறந்தான், மூடினான், அவ்வளவே. ஆம்பிளிஃபயரில் கணினியிலிருந்து வரும் மெல்லிய குரல்தான் மதகுக்காரன். பாட்டரியோ மின்சார இணைப்போதான் ஏரி. குரல் ஏறி இறங்குகிற தாளத்துக்கு ஏற்ப மதகு திறந்து மூடுகிறது; பெட்டிக்கு வெள்ளம் போகிறது.

ஊரில் ரேடியோ ரிப்பேர்க் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். இளமையில் கல்யாண வீடுகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் மைக் செட் கட்டியவர். மர உச்சியில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டிக் கொண்டே கீழே நடக்கிற சமையலைப் பார்த்து மெனு சொல்லுவாராம்! அவரிடம் பெட்டிகளைக் கொண்டு போனோம். முதலில் அவர் செய்த காரியம் எனக்குப் பிடித்திருந்தது. முன் துணியைக் கழற்றி, காகிதக் கூம்பின் இரண்டு பக்கத்திலும் விரல்களை வைத்து, குழந்தையின் வயிற்றைத் தொடுவது போல மெல்ல அழுத்திப் பார்த்தார். உள்ளே உரசுகிற சத்தம் இல்லை.

"வாத்தியாரய்யா, உங்க மாமா நல்ல பெட்டியாத்தான் வாங்கியிருக்கார். ஓரம் துணி மடிப்பு. ஸ்பாஞ்சு ஓரமா இருந்தா இந்நேரம் பொரி மாதிரி உதிர்ந்திருக்கும்" என்றார்.

பிறகு ஒரு பென்சில் செல்லை எடுத்துப் பெட்டியின் இரண்டு ஒயர்களிலும் ஒரு கணம் தொட்டார். 'டப்' என்று கூம்பு முன்னே வந்தது. செல்லின் கூட்டல் பக்கத்தைத் தொட்ட ஒயரில் ஒரு முடிச்சுப் போட்டார். அடுத்த பெட்டிக்கும் அப்படியே.

"ரெண்டு பெட்டியும் புருஷன் பெண்டாட்டி மாதிரி. ஒண்ணு முன்னே போறப்போ இன்னொண்ணு பின்னே இழுத்தா குடும்பத்திலே கனம் இருக்காது" என்றார். வேடிக்கைக்குச் சொன்னாலும் விஞ்ஞானம் அதுதான். ஒரு பெட்டியின் கம்பிகளை மட்டும் மாற்றிக் கொடுத்து விட்டால், ஒன்று காற்றைத் தள்ளும் போது மற்றது இழுக்கும். கனத்த நாதம் ஒன்றை ஒன்று அழித்துக் கொள்ளும். அத்தைக்கு எது வேண்டுமோ அதுவே போய் விடும்!

"ஆம்பிளிஃபயருக்கு என்ன பண்ணப் போகிறீர்கள்?" என்றேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டார். இந்த ஊர்ப் பக்கத்துக் கடைகளில் ஒரு காலத்தில் "810" என்றும் "4440" என்றும் ஐ.சி.க்கள் இருந்தன. 4440 என்பது ஜப்பானிய சான்யோ கம்பெனியின் எல்.ஏ. 4440 என்ற சில்லு. காரில் வைக்கிற டேப் ரிகார்டருக்காகச் செய்தது. ஆனால் நம் நாட்டில் அதை வைத்து எத்தனை ஆயிரம் பையன்கள் மரப் பெட்டியிலும் பிஸ்கட் டப்பாவிலும் சொந்தமாக ஆம்பிளிஃபயர் கட்டினார்கள்! சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் வாங்கி வந்து ஊர் ஊராய் ஈயம் பற்ற வைத்தார்கள். அந்தப் பையன்களில் ஒருவர்தான் இந்தக் கடைக்காரரும்.

"4440 கட்டினா டிரான்ஸ்பார்மர் வேணும், டப்பா வேணும், சூடு போக அலுமினியத் தகடு வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ளே ஆகாது. இதைப் பாருங்க" என்று ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். தபால் தலை அளவில் ஒரு பச்சைத் தகடு. அதன் நடுவில் மிளகளவில் ஒரு சில்லு. பி.ஏ.எம். 8403 என்று பெயர். கைப்பேசிக்கு ஊட்டுகிற அதே 5 வோல்ட் மின்சாரம் இதற்குப் போதும். 4 ஓம் பெட்டிக்குப் பக்கத்துக்கு 3 வாட் வரை கொடுக்கும். எங்கள் 8 ஓம் பெட்டிக்கு ஒன்றரை வாட் போல வரும். "ஒன்றரை வாட்தானா?" என்று எனக்குச் சப்பென்று ஆயிற்று. "பத்து வாட் எழுதியிருக்கிறது பெட்டி தாங்குகிற அளவு ஐயா, பெட்டி கேட்கிற அளவு இல்லை. கல்யாணம் பண்ணவா போறீங்க? கூடத்திலே பேசத்தானே?" என்றார். நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தேன், மீதியும் கொடுத்தார்.

இனி அவர் கை செய்ததைக் கவனமாகக் கேளுங்கள். நாளைக்கு உங்களுக்கும் உதவும்.

பையன் வெட்டிப் போட்ட ஹெட்போன் ஒயரை வாங்கிக் கொண்டார். அதன் உள்ளே தலைமுடி போல மெல்லிய செம்புக் கம்பிகள், பச்சையும் சிவப்புமாக. அந்த நிறம் துணியோ பிளாஸ்டிக்கோ அல்ல. கம்பியின் மேலே பூசிய மெழுகெண்ணெய் மாதிரியான அரக்கு. அதைப் போக்காமல் முறுக்கினால் மின்சாரம் பாயாது. தீக்குச்சியைக் கிழித்து நுனியை ஒரு நொடி காட்டித் துடைத்து, ஈயம் தொட்டு வைத்தார். செருகுகிற முனையில் நுனி இடப் பக்கத்துக் குரல், அடுத்த வளையம் வலப் பக்கத்துக் குரல், அதற்கு அப்பால் பொதுக் கம்பி. மைக்கும் சேர்ந்த ஹெட்போன் ஆனால் நாலாவதாக ஒரு வளையம் இருக்கும். அதன் மைக் கம்பியைத் தனியே ஒதுக்கி ஒட்டி விட வேண்டும். மூன்று கம்பிகளும் தகட்டின் உள்வாசலுக்குப் போயின.

வெளிவாசலில் ஒரு முக்கியமான சங்கதி. மாமா காலத்தில் யாரோ சிக்கனம் பார்த்து, இரண்டு பெட்டிகளின் கறுப்புக் கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே ஒயராக விட்டிருந்தார்கள். பழைய செட்டுகள் பலவற்றில் அது சரி. இந்தத் தகட்டில் அது விஷம்! இதில் கூட்டல், கழித்தல் என்ற இரண்டு முனைகளுமே உயிரோடு இருப்பவை; ஒவ்வொரு பெட்டிக்கும் தனித் தனி ஜோடி வேண்டும். கழித்தல் முனைகளை ஒன்றோடு ஒன்று சேர்த்தாலோ, பொதுக் கம்பியில் கட்டினாலோ சில்லு பொசுங்கி விடும். கடைக்காரர் அந்தப் பழைய சிக்கனத்தைக் கத்தரித்து எறிந்து விட்டுப் புது ஒயர் போட்டார்.

தகட்டுக்குச் சாப்பாடு? யு.எஸ்.பி. ஒயர் ஒன்றைக் கணினியிலேயே செருகினான் பையன். பெட்டியிலிருந்து 'ஙொய்ய்' என்று ஒரு முனகல். கடைக்காரர் சிரித்து, "சாப்பாடும் அங்கேயே, பேச்சும் அங்கேயேன்னா பூமிக் கம்பி ரெண்டு வழியிலே சுத்தி வளையமாயிடும். கணினிக்குள்ளே நடக்கிற கசமுசா எல்லாம் அந்த வளையத்திலே ஏறி வந்து பாடும்" என்றார். கைப்பேசிக்கு வழியிலே ஊட்டுகிற பவர் பேங்க் ஒன்றைக் கொடுத்து அதில் செருகினார். முனகல் நின்றது. எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை காலை கரண்ட் போனால்கூடக் கவலை இல்லை என்பது உபரி லாபம்.

வெள்ளிக்கிழமை வந்தது. பெட்டிகளை மடிக்கணினிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தால் சிங்கப்பூர்க்காரர் பேச்சு அவருக்கே திரும்பப் போய் எதிரொலிக்கும். ஆகவே அத்தையை நாற்காலியில் உட்கார வைத்து, இரு பக்கமும் ஸ்டூல் போட்டுப் பெட்டிகளைக் காது உயரத்தில், அவரைப் பார்க்கும்படி வைத்தோம். கணினி எதிரே கொஞ்சம் தள்ளி இருந்தது. பெட்டி பக்கத்தில் இருக்க இருக்கச் சத்தம் கூடும் என்பதால், ஒன்றரை வாட்டும் அத்தைக்கு ஒரு கச்சேரி போலத்தான்.

மணி ஒன்பதே முக்கால். கூடம் நிறைய ஜனம். திரையில் பட்டுப் பாவாடையும் மையுமாகக் குழந்தை. பேரன் பேசினான். கத்தவில்லை; சாதாரணமாகத்தான் பேசினான்.

"பாட்டி! நல்லா இருக்கீங்களா?"

அத்தை திடுக்கிட்டு வலப் பக்கம் பார்த்தார். இடப் பக்கம் பார்த்தார். பிறகு பெட்டியின் மேல் கையை வைத்தார். உள்ளே கூம்பு அதிர்வது அவர் உள்ளங்கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"அட, இவனுக்கு அவங்க தாத்தா தொண்டையில்ல!" என்றார்.

பேரனுக்குத் தாத்தாவின் குரல் என்பதை வருஷக் கணக்காகக் கைப்பேசியில் பேசியும் அவர் அறிந்ததில்லை. அறிய வழியும் இல்லை. குரலின் அந்தக் கனத்தைத்தான் சின்னக் கருவிகள் இத்தனை நாளும் விழுங்கி வந்திருக்கின்றனவே!

"பேரு சொல்லு சாமி."

"யாழினி, பாட்டி."

"யா... ழி... னி. யாழினிதானே?"

"ஆமாம் பாட்டி!"

அத்தை முந்தானையைச் சரி செய்து கொண்டார். "யாழினி! யாழினி! யாழினி!" என்று மூன்று தரம் கூப்பிட்டார். மூன்றாம் தரம் கூப்பிட்ட போது குழந்தை கொட்டாவி விட்டது. அதையே பதிலாக எடுத்துக் கொண்டு கூடமே ஆரவாரம் செய்தது. பத்தரை மணி ராகு காலத்துக்கு இன்னும் முக்கால் மணிக்கு அருகில் மிச்சம் இருந்தது. அந்த முக்கால் மணியும் அத்தை பேசினார். என்ன பேசினார் என்பது குடும்ப ரகசியம்.

இதையெல்லாம் யோசித்துப் பார்க்கும் போது எனக்கு ஆச்சரியமாக இருப்பது அந்தப் பெட்டிகளின் ஆயுள்தான். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரண்டு பேர், காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச் சுருளைத் தொங்க விட்டு அதைக் காகிதக் கூம்போடு ஒட்டிப் பேச வைக்கும் முறையை 1925-இல் திட்டமாக எழுதி வெளியிட்டார்கள். அதற்கு அடுத்த பதினைந்து வருஷத்துக்குள் 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் வானொலி நிலையங்கள் வந்து விட்டன. பஞ்சாயத்து ரேடியோவின் முன்னால் ஊர் கூடி உட்கார்ந்து செய்தி கேட்டதும் இந்தக் கூம்பின் வழியாகத்தான். நூறு வருஷம் ஆன பிறகும் கூம்பு, காந்தம், சுருள் என்ற அந்த மூன்றும் அப்படியே இருக்கின்றன. மாறியதெல்லாம் அதற்குத் தம் கொடுக்கிற கருவிதான். வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது. அது போய் ஐ.சி. வந்தது, இன்றைக்கு மிளகளவு சில்லு. ஒவ்வொரு தடவையும் செட்டை எறிந்தோம். சேர்த்துப் பெட்டியையும் எறிந்தோம். வாய்க்கு ஒரு குறையும் இல்லாதிருக்க, தம் போனதற்காக ஆளையே வெளியே தள்ளின கதைதான்!

செருகுகிற அந்த முனையும் லேசுப்பட்டதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஓட்டைக்கு ஓட்டை மாற்றிச் செருகிய கட்டை முனையின் பேரப் பிள்ளைதான் இன்றைய 3.5 மில்லி மீட்டர் முனை. 2016-இல் ஆப்பிள் கம்பெனி தன் ஐபோன் 7-இல் அந்த ஓட்டையை அடைத்து விட்டது. வேறு கம்பெனிகள் பலவும் பின்னால் போயின. மடிக்கணினிகளில் பெரும்பாலும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. இருக்கும் போதே பயன்படுத்திக் கொள்வோம்.

உங்கள் வீட்டில் செய்து பார்க்க ஆசை உண்டானால் சில ஜாக்கிரதைகளைச் சொல்லி வைக்கிறேன். கூம்பு கிழிந்திருக்கிறதா, அழுத்தினால் உரசுகிறதா என்று முதலில் பாருங்கள். பழைய செட்டே உயிரோடு இருந்து, அதன் முதுகில் 'ஆக்ஸ்' என்றோ 'லைன் இன்' என்றோ ஓட்டை இருந்தால் உங்களுக்குத் தகடும் வேண்டாம், ஈயமும் வேண்டாம். கணினியிலிருந்து ஓர் ஒயர் போதும். ஆனால் தாத்தா காலத்து வால்வு ரேடியோவைத் திறந்து அதில் மடிக்கணினியை மாட்டி விடாதீர்கள். அவற்றில் சிலவற்றின் உலோகச் சட்டமே வீட்டு மின்சாரத்தோடு நேராகத் தொடர்பு உடையது. கணினியோடு கையும் போய் விடும். தகட்டில் எல்லா இணைப்பும் முடிந்த பிறகே மின்சாரம் கொடுங்கள். சத்தத்தை அடியிலிருந்து ஏற்றுங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பதையும் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். மார்கழி மாசமானாலும் சரி!

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. வீட்டில் வயதானவர் யாராவது "சரி, கேட்டுது கேட்டுது" என்று தலையை ஆட்டினால் அதை நம்பி எழுந்து போய் விடாதீர்கள். பத்துப் பேர் சிரிக்கிற கூடத்தில் "எனக்குக் கேட்கவில்லை" என்று ஆறாவது தடவை சொல்ல எண்பது வயதுக்கு வெட்கமாக இருக்கும். மெதுவாகச் சபையிலிருந்து தாமாகவே விலகிக் கொள்வார்கள். விலகியது கூட நமக்குத் தெரியாது. நாம் பேசிக் கொண்டே இருப்போம். அவர்களைத் திரும்ப உள்ளே அழைத்து வர எங்களுக்கு ஆன செலவு, ஒரு தபால் தலை அளவு தகடும் ஒரு தீக்குச்சியும். பரணில் ஏணி சாத்துகிற சிரமம் தனி.

பெட்டிகள் மறுபடியும் பரணுக்குப் போகவில்லை. அத்தையின் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் இருக்கின்றன. சாயங்காலம் ஆனால் சிங்கப்பூரில் குழந்தை தூங்குவதற்கு முன் ஒரு பத்து நிமிஷம் அழைப்பு வருகிறது. யாழினி இப்போது "ங்கா" என்கிறாள். அத்தைக்கு அது ஸ்பஷ்டமாகக் கேட்கிறது. "பாத்தியா, என்னை 'நங்கா'ன்னு கூப்பிடறா!" என்கிறார். கேட்கிற சத்தம் தெளிவாகத்தான் இருக்கிறது. அதற்கு அவர் செய்து கொள்கிற அர்த்தத்தைத் திருத்த எந்தச் சில்லும் இல்லை, வேண்டவும் வேண்டாம்.